அமெரிக்காவில் வீட்டு விலை சரியும் என்று 2005-லேயே தெரிந்திருந்தால், பணத்தை எதில் போட்டிருப்பீர்கள்?

2005 மே 19. கலிஃபோர்னியாவில், சான் ஹோஸே வட்டாரத்தில் ஒரு சின்ன அலுவலகம். அடுத்தவர் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் மைக்கேல் பர்ரி, வயது 33, டாய்ச்சே வங்கியிடம் ஆறு ஒப்பந்தங்கள் வாங்குகிறார். ஆறு வீட்டுக்கடன் பத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 கோடி டாலர் வீதம், மொத்தம் 6 கோடி டாலருக்குக் காப்பு. பத்திரம் முறிந்தால், அதாவது அதன் பணம் திரும்பாமல் போனால், வங்கி அவருக்குப் பணம் தர வேண்டும். முறிகிற வரைக்கும் அவர் வங்கிக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் என்பது இதுதான்; நான் காப்பு ஒப்பந்தம் என்றே எழுதப் போகிறேன்.

எந்தெந்தப் பத்திரம் என்று பர்ரியே பொறுக்கிக் கொடுத்திருந்தார். விற்றவர்களுக்கு அதுவே விசித்திரம். தர மதிப்பீடு ஒன்றாக இருந்தால் பிரீமியமும் ஏறக்குறைய ஒன்றுதான்; அதற்குள் எது மோசம், எது படுமோசம் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. பர்ரி நூறு பக்கத்துக்கு மேல் நீளும் விவரக் குறிப்புகளைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டு, வருமானச் சான்றே இல்லாமல் கொடுத்த கடன்கள் அதிகமாக அடைத்திருந்த பத்திரங்களைக் கேட்டார். “பொறுக்கிக்கொள்ளுங்கள், கிலோ ஒரே விலைதான்” என்று கத்தரிக்காய்க் கடைக்காரர் கூடையைத் தள்ளிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி. இவர் பொறுக்கியது அத்தனையும் சொத்தை.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘முன்கூட்டியே கண்டுபிடித்தார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர். அந்த வருடம் ஆகஸ்டில், அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ரகுராம் ராஜன், மத்திய வங்கியாளர்கள் வருடா வருடம் கூடும் ஜாக்சன் ஹோல் கூட்டத்தில் நிதிச் சந்தை ஆபத்தான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று கட்டுரை வாசித்தார். முன்னாள் அமெரிக்க நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ் எழுந்து அதை மறுத்தார். பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் வீட்டு விலையைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்கு அடுத்த படி. தெரிந்துவிட்டது, சரி. பணத்தை எதில் போடுவது? ஒரே கணிப்பை வைத்து அன்றைக்கு அரை டஜன் விதமாகப் பந்தயம் கட்ட முடிந்தது. ஒருவருக்கு ஒரே வருடத்தில் 400 கோடி டாலர் கிடைத்தது. இன்னொருவர், கணிப்பு அப்படியே பலித்தும், தன் வங்கிக்கு 900 கோடி டாலர் நட்டம் வைத்தார்.

எதை ஒப்பிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வழியிலும் நான் பார்ப்பது மூன்று. கணிப்பு பலித்தால் எவ்வளவு வரும்? பலிக்கிற வரைக்கும் மாதா மாதம் எவ்வளவு போகும்? இடையில் யாராவது வந்து “போதும், நிறுத்து” என்று சொல்ல முடியுமா? மூன்றாவதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். அதில்தான் பாதிப் பேர் கவிழ்ந்தார்கள்.

வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போவது

இதைச் செய்த ஆள் இருக்கிறார். வாஷிங்டனில் இருந்த பொருளியலாளர் டீன் பேக்கர், விலை வீங்கிவிட்டது என்று சொல்லி 2004-ல் தன் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனார். விலை அதன் பிறகும் இரண்டு வருடம் ஏறியது. அந்த இரண்டு வருடமும் அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்குப் போனது வாடகை மட்டும்தான். யாரும் வந்து கணக்குக் கேட்க முடியாது. தனி மனிதனுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் பணம் 60 கோடி டாலரைக் கையில் வைத்திருப்பவருக்கு இது பயன்படாது, அவ்வளவுதான்.

பங்குகளை ஷார்ட் போவது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். வீடு கட்டும் கம்பெனி, கடன் கொடுக்கும் கம்பெனி, கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் கம்பெனி: இவற்றின் பங்குகளைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விழுந்ததும் திருப்பி வாங்கிக் கொடுப்பது.

இதை மட்டமாகப் பேசுவது வழக்கம். உண்மையில் வீடு கட்டும் கம்பெனிகள் விஷயத்தில் இது அருமையாக வேலை செய்தது. டோல் பிரதர்ஸ் பங்கு 2005 ஜூலையில் உச்சம் தொட்டது. அடுத்த ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் காணாமல் போனது. அந்த ஜூலையில் ஷார்ட் போனவர் 2006 கோடையில் ஜம்மென்று இருந்திருப்பார், பர்ரி தன் முதலீட்டாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில். ஆனால் அந்த ஜூலையைப் பிடிக்க வேண்டும். 2003-ல் போயிருந்தால் ஏற்றத்திலேயே நசுங்கியிருப்பார். விலை ஏற ஏற நட்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது. தரகர் மார்ஜின், அதாவது பிணைப்பணம், கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

கடன் கொடுக்கும் கம்பெனிகள் இன்னும் மோசமான பொறி. கன்ட்ரிவைட் பங்கு உச்சத்துக்குப் போனதே 2007 பிப்ரவரியில்தான், சுமார் 45 டாலர். நாட்டிலேயே பெரிய வீட்டுக்கடன் நிறுவனம் அது. வீட்டு விலை இறங்கத் தொடங்கி அரை வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பங்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஹவுஸ்ஹோல்ட் ஃபைனான்ஸ் என்ற கம்பெனி ஏழைகளிடம் வட்டியை மறைத்துக் கடன் விற்றதற்காக, 2002-ல் மாநில அரசுகளுக்கு 48.4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே எச்எஸ்பிசி வங்கி அதைக் கிட்டத்தட்ட 1,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஸ்டீவ் ஐஸ்மன் என்ற முதலீட்டாளர் அந்தக் கம்பெனியின் தில்லுமுல்லுகளைத் தோண்டிக்கொண்டிருந்தவர். அழுகிய கம்பெனியை இன்னொருவன் நல்ல விலைக்கு வாங்கிவிட்டால், ஷார்ட் போனவனுக்கு அவன் சொன்னது சரியாக இருந்தும் நாமம்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பங்கு பாதியாக விழுந்தால் போட்டதில் பாதி லாபம். இவ்வளவு ஆபத்துக்கு அது போதாது. புட் ஆப்ஷன் (குறித்த தேதிக்குள் குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) வாங்கினால் நட்டம் கட்டுக்குள் இருக்கும். ஆனால் அன்றைக்குப் பங்குகளுக்குக் கிடைத்த நீண்ட ஆப்ஷனே இரண்டு, இரண்டரை வருடத்தில் காலாவதி ஆகிவிடும். ஒரு மாதம் தவறினால் எல்லாம் போச்சு.

கீழ் அடுக்குக் கடன்பத்திரங்களுக்குக் காப்பு வாங்குவது

பர்ரி தேர்ந்தெடுத்தது இது. ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களை ஒன்றாகக் கொட்டி, அதை அடுக்கடுக்காக அறுத்து விற்பார்கள். கடன் வராமல் போனால் நட்டம் கீழிருந்து மேலே ஏறும். மேல் அடுக்குக்கு டிரிபிள் ஏ மதிப்பீடு, கீழே டிரிபிள் பி. அந்த டிரிபிள் பி அடுக்கு காகிதம் மாதிரி மெல்லியது. மொத்தக் கடனில் ஏழெட்டு சதவீதம் நட்டமானாலே பல பத்திரங்களில் அந்த அடுக்கு சுத்தமாகத் துடைத்துப் போய்விடும். பாதி போகும், கால்வாசி போகும் என்ற பேச்சே இல்லை. இருந்தால் முழுசு, போனால் பூஜ்யம்.

இதற்கான பிரீமியம் அப்போது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். 10 கோடி டாலர் பத்திரத்துக்கு வருடம் 20 லட்சம் டாலர் கட்டினால் போதும். ஐந்து வருடம் கட்டினாலும் 1 கோடி. முறிந்தால் கையில் 10 கோடி. பழைய கடன்கள் அடைபட அடைபடக் காப்புத் தொகையும் பிரீமியமும் சேர்ந்தே சுருங்கும், அதனால் காலம் முழுக்கப் பெரிய தொகை கட்ட வேண்டியதும் இல்லை. பங்கு ஷார்ட்டோடு இதை வைத்துப் பாருங்கள்: இங்கே அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பது முதல் நாளே தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடிகாரம். அந்தக் காலத்து சப்பிரைம் கடன்களில், அதாவது திருப்பிக் கட்டும் வலு குறைந்தவர்களுக்குக் கொடுத்த கடன்களில், பெரும்பாலானவை முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, மூன்றாவது வருடம் எகிறும் வட்டி என்று எழுதப்பட்டவை. 2005-ல் வாங்கிய கடனுக்கு 2007-ல் மாதத் தவணை எகிறும். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தால் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கித் தப்பிக்கலாம். விலை சும்மா நின்றாலே போதும், மாட்டிக்கொள்வார்கள். விலை விழ வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. ‘எப்போது?’ என்ற கேள்விக்கு, பந்தயத்துக்குள்ளேயே பதில் எழுதி வைத்திருந்த பந்தயம் இது. குமிழி வெடிக்கும் என்று சொல்ல நூறு பேர் கிடைப்பார்கள், தேதி சொல்ல ஆள் கிடைக்காது. பர்ரி தேதி வைத்திருந்தார்.

சரி, குறை? இரண்டு உண்டு. முதலாவது, பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது உண்மைதான், ஆனால் இங்கே பொறுப்பதற்குக் காசு கட்ட வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தின் அன்றன்றைய மதிப்பைச் சொல்வதே விற்ற வங்கிதான். அந்த மதிப்பின்படி பிணைத்தொகை இரண்டு பக்கமும் கைமாறும். 2006 முழுக்கக் கடன் தவறுகிறவர்கள் எண்ணிக்கை ஏறியது. வங்கிகள் சொன்ன விலை அசையவில்லை. சில நாள் பர்ரிக்கு எதிராகவும் போனது. அவருக்குப் பணம் தர வேண்டியவர்களே அவர் கையில் இருப்பது எவ்வளவு பெறும் என்று சொன்னால் வேறு என்ன நடக்கும்?

மேல் அடுக்குக்குக் காப்பு வாங்குவது

கார்ன்வால் கேப்பிட்டல் என்று மூன்று பேர். அவர்களில் இருவர் பெர்க்லியில் ஒரு நண்பர் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் 1,10,000 டாலரோடு தொடங்கியது. விஷயம் தெரிந்து 2006 கடைசியில் இவர்கள் வந்து சேர்ந்தபோது கீழ் அடுக்கின் விலை ஏற ஆரம்பித்திருந்தது. இவர்கள் கொஞ்சம் மேலே பார்த்தார்கள். டிரிபிள் பி துண்டுகளையே கூட்டி மறுபடி அறுத்து, அதன் மேல் பகுதிக்கு டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். சொத்தைக் காய்களையே ஒரு கூடையில் கொட்டி, மேலே இருப்பது மட்டும் முதல் ரகம் என்று சொல்கிற மாதிரி. கீழே உள்ளவை எல்லாம் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் கெடும் என்றால் மேலே உள்ளதும் சேர்ந்துதான் கெடும். ஆனால் டபிள் ஏ அடுக்கின் காப்புக்குப் பிரீமியம் ஆண்டுக்கு அரை சதவீதம்தான்.

2007 ஆகஸ்டில் அவர்களில் ஒருவரான பென் ஹாக்கெட் விடுமுறைக்கு இங்கிலாந்தின் டெவன் பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு பப்பில் கணினியும் தொலைபேசியுமாக உட்கார்ந்து, சில நாட்களில் எல்லாவற்றையும் விற்றார். சுமார் 8 கோடி டாலர் கிடைத்தது. பிரீமியமாகப் போயிருந்தது 10 லட்சம் டாலரை ஒட்டிய தொகை. சுற்றிலும் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூலையில் இருந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்திருக்காது. ஏன் அவ்வளவு அவசரம் என்றால், காப்பு விற்ற ‘பேர் ஸ்டேர்ன்ஸ்’ என்ற வங்கி நிலைத்திருக்குமா என்பதே அவர்களுக்குச் சந்தேகம். வென்ற பிறகு சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால்? அடுத்த மார்ச்சில் அந்த வங்கி கவிழ்ந்தது.

போட்டதற்கு வந்தது என்று மட்டும் பார்த்தால் இந்த வழிதான் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் 2005-ல் பர்ரிக்கு இந்தக் கடை திறந்திருக்கவே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தகைய பத்திரங்களுக்கான காப்பு சரக்காகச் சந்தைக்கு வந்தது பிறகுதான். சப்பிரைம் பத்திரங்களுக்கு ஏபிஎக்ஸ் என்ற பொதுக் குறியீடு வந்ததே 2006 ஜனவரியில். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டவருக்குச் சரக்கு மலிவு. ஆனால் கடையில் வகை கம்மி.

செலவில்லாமல் காத்திருப்பது

இப்போது அந்த 900 கோடி டாலர் மனிதருக்கு வருவோம். ஹவி ஹப்லர், மார்கன் ஸ்டேன்லியில் பத்திர வர்த்தகர். பர்ரி கண்ட அதே விஷயத்தை அவரும் கண்டார், அவரைப் போலவே டிரிபிள் பி அடுக்குக்குக் காப்பு வாங்கினார், சுமார் 200 கோடி டாலருக்கு. வருடா வருடம் போகும் பிரீமியம் உறுத்தியது. நான்கைந்து கோடி டாலர் சும்மா போகிறது. வங்கிக்குள் லாபக் கணக்குக் காட்ட வேண்டும். அதைச் சரிக்கட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்: ‘ஒருபோதும் முறியாத’ டிரிபிள் ஏ அடுக்குகளுக்கு அவரே காப்பு விற்பது. அதற்குக் கிடைக்கும் பிரீமியம் கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சில்லறையை வைத்து நான்கைந்து கோடி திரட்ட வேண்டும் என்றால் எவ்வளவு விற்க வேண்டும்? 1,600 கோடி டாலருக்கு.

கணக்கைப் பாருங்கள். 200 கோடி வாங்கினார், 1,600 கோடி விற்றார். விற்றது எதற்கு? அதே டிரிபிள் பி துண்டுகளைக் கூட்டிச் செய்த பத்திரங்களுக்கு. கார்ன்வால் ஆட்கள் எதை வாங்கினார்களோ ஏறக்குறைய அதே சரக்கை இவர் விற்றுக்கொண்டிருந்தார். சரிவு வந்தது, கணிப்பு பலித்தது, வங்கிக்குச் சுமார் 900 கோடி டாலர் நட்டம். வால் ஸ்ட்ரீட்டில் அதுவரை ஒரே வர்த்தகப் பிரிவு இவ்வளவு இழந்ததில்லை.

மாதத் தவணை வலிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மனுஷன் தான் நம்பியதற்கு எட்டு மடங்கு எதிராகப் பந்தயம் கட்டிவிட்டார். இதே ‘செலவில்லாக் காத்திருப்பு’ யோசனையைச் சிகாகோ பக்கம் இருந்த மேக்னடார் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் (பெரிய முதலீட்டாளர்களின் பணத்தை வைத்துப் பந்தயம் கட்டும் நிதி) வேறு விதமாகச் செய்து நன்றாகவே சம்பாதித்தது: அடிமட்டத் துண்டை வாங்கி, அதில் வந்த கொழுத்த வட்டியில் அதற்கு மேலே உள்ள அடுக்குகளுக்குக் காப்பு வாங்கியது. சரிந்தால் சின்னத் துண்டு போகும், பெரிய காப்பு வரும். அளவுதான் வித்தியாசம். ஆனால் அப்படி அடிமட்டத்தை வாங்க ஆள் இருந்ததால் புதுப்புதுப் பத்திரங்கள் உற்பத்தியாயின என்ற குற்றச்சாட்டு அதன் மேல் இன்றும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

எந்தப் பையில் வைத்திருக்கிறீர்கள்?

இதுவரை பார்த்தது சரக்கு. அதை வைத்திருக்கும் பை எது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

பர்ரியின் பை எப்படிப்பட்டது? அவர் டாக்டருக்குப் படித்தவர். இரண்டு வயதில் புற்றுநோயால் இடது கண்ணை இழந்தவர். ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோதே இரவில் பங்குகளைப் பற்றி எழுதி, பெரிய முதலீட்டாளர்கள் கவனிக்கும் அளவுக்கு வளர்ந்து, மருத்துவத்தை விட்டுவிட்டு 2000 நவம்பரில் சயான் கேப்பிட்டலைத் தொடங்கினார். 2001-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 12 சதவீதம் விழுந்தது. இவர் நிதி 55 சதவீதம் ஏறியது. 2002-ல் சந்தை 22 சதவீதம் விழுந்தது. இவருக்கு 16 ஏற்றம். 2004 முடிவில் 60 கோடி டாலர் சேர்ந்து, மேற்கொண்டு பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலை. மற்ற ஹெட்ஜ் ஃபண்டுகள் வாங்கும் 2 சதவீத நிர்வாகக் கட்டணத்தைக்கூட வாங்காமல் செலவுத் தொகை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த 60 கோடி கொடுத்தவர்கள் அவரிடம் கொடுத்தது மலிவான பங்குகளைத் தேடிப் பிடிப்பதற்காக. யாரும் கவனிக்காத கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்து வாங்கிப் போடுவார் என்று. அவரோ வீட்டுக்கடன் பத்திரத்துக்குக் காப்பு வாங்கிக்கொண்டிருந்தார். பல் டாக்டரிடம் போனால் அவர் முழங்காலைத் திறந்தால் எப்படி இருக்கும்? 2006-ல் சந்தை 10 சதவீதத்துக்கு மேல் ஏற, சயான் 18.4 சதவீதம் இறங்கியது. பணத்தைத் திருப்பித் தா என்றார்கள். தந்தால் காப்பு ஒப்பந்தங்களை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும்; நிதி ஒரு அளவுக்குக் கீழே சுருங்கினால் வங்கி கைகழுவிவிடலாம் என்று இத்தகைய ஒப்பந்தங்களில் விதி இருப்பதும் வழக்கம். அதனால் அந்த ஒப்பந்தங்களை மட்டும் தனியாக ஒதுக்கி, ‘சைடு பாக்கெட்’ என்ற பக்கப் பையில் போட்டுப் பூட்டிவிட்டார். ஆரம்பத்தில் அவரைத் தேடி வந்து ஆதரித்த ஜோயல் கிரீன்பிளாட்டே நேரில் வந்து சண்டை போட்டார். வழக்கு போடுவோம் என்ற பேச்சு வந்தது. சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் 2007 தொடக்கத்தில் ஊழியர்களில் பாதிப் பேரை அனுப்பினார். சப்பிரைமோடு ஒட்டியிருந்த கம்பெனிகளுக்கு எதிராக வாங்கி வைத்திருந்த காப்புகளையும் பெரிய அளவில் விற்க வேண்டியதாயிற்று, அவை பொன்னாக மாறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்.

ஜான் பால்சன் அதே சரக்கைத்தான் வாங்கினார். பர்ரிக்கு ஒரு வருடம் கழித்து. அவரிடம் வேலை பார்த்த பாவ்லோ பெல்லெக்ரினி, 1975 முதல் 2000 வரை பணவீக்கம் கழித்து வீட்டு விலை வருடத்துக்கு 1.4 சதவீதம்தான் ஏறியது, அதற்குப் பின் ஐந்து வருடம் 7 சதவீதம் ஏறியது என்று ஒரு கோடு போட்டுக் காட்டினார். பழைய கோட்டுக்கு வர 40 சதவீதம் விழ வேண்டும். பால்சன் செய்த புத்திசாலித்தனம், இதற்கென்றே ஒரு தனி நிதியை 2006-ல் திறந்தது. உள்ளே வந்தவர்களுக்கு இது ஒரே ஒரு பந்தயம், பிரீமியம் போய்க்கொண்டிருக்கும், வென்றால் இவ்வளவு என்று வாசலிலேயே தெரியும். தெரிந்து வந்தவன் நடுவழியில் கத்த மாட்டான். அந்த நிதி 2007-ல் 590 சதவீதம் ஏறியது. அவர் நிறுவனம் மொத்தம் 1,500 கோடி டாலர் சம்பாதித்தது, அவர் பங்கு 400 கோடியை ஒட்டி. லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டட வியாபாரம் செய்த ஜெஃப் கிரீன், பால்சனிடம் இந்த யோசனையைக் கேட்டுவிட்டுத் தன் சொந்தப் பணத்தில் அதையே செய்து பல கோடிகள் பார்த்தார். சொந்தப் பை. யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

அப்படியானால் பர்ரி செய்திருக்க வேண்டியது தனி நிதியா? அதையும் முயன்றார். 2005-லேயே மில்டன்ஸ் ஓபஸ் என்ற பெயரில் காப்பு ஒப்பந்தத்துக்காக மட்டும் ஒரு நிதி திரட்டப் பார்த்தார். யாரும் வரவில்லை. பால்சனுக்குப் பணம் கிடைத்ததற்கு ஒரு காரணம், அவர் ஒரு வருடம் தாமதம். அதற்குள் வீட்டு விலை பற்றிய சந்தேகம் கொஞ்சம் பேச்சாகியிருந்தது. சரக்கு மலிவாக இருக்கும்போது பை கிடைக்காது, பை கிடைக்கும்போது சரக்கு விலை ஏறியிருக்கும்.

இத்தனையையும் எடை போட்டு என்னைக் கேட்டால்: சரக்கில் பர்ரியின் தேர்வு சரி. அந்தத் தேதியில், அந்தக் கடையில் கிடைத்ததில் அதைவிட நல்லது இல்லை. அளவில் அவர் தவறினார் என்பேன். தன் பை எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல், கணிப்பு எவ்வளவு உறுதி என்று மட்டும் பார்த்து வாங்கினார். வீட்டுக்கடனோடு நின்றிருந்தால் போதும், கம்பெனிகளுக்கு எதிராகவும் குவித்திருக்க வேண்டாம். பாதி அளவு வாங்கியிருந்தால் 2006-ன் இறக்கம் குறைந்திருக்கும், பக்கப் பை தேவைப்பட்டிருக்காது, 2007-ல் ஆட்களை அனுப்ப வேண்டியிருந்திருக்காது. லாபம் பாதியாகியிருக்குமே என்பீர்கள். ஆகியிருக்கும். அதிலும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமான பணம் இருந்திருக்கும், அவரிடம் பணம் போட்டவர்களும் பேச்சுவார்த்தையில் இருந்திருப்பார்கள்.

நடந்தது என்னவென்றால், 2000 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை சயான் எல்லாச் செலவும் போக 489 சதவீதம் லாபம் கொடுத்தது. அதே காலத்தில் எஸ் அண்ட் பி இரண்டு மூன்று சதவீதம். முதலீட்டாளர்களுக்கு சுமார் 70 கோடி டாலர், அவருக்கு 10 கோடி. அந்த 2008-லேயே நிதியை மூடினார். பணம் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வரிசையில் யாரும் நிற்கவில்லை.

மூடிவிட்டுப் போவதும் ஒரு தேர்வுதான். அதிலும் ஒப்பிட ஆள் உண்டு. ஆண்ட்ரூ லாடே என்பவர் 2007-ல் 866 சதவீதம் ஈட்டிவிட்டு, அடுத்த வருடம் கேலியாக ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டார். பால்சன் தொடர்ந்து நடத்தினார். 2011-ல் சைனோ ஃபாரஸ்ட் என்ற சீன மரக் கம்பெனியில், பிறகு தங்கத்தில் என்று அடி வாங்கி, கடைசியில் 2020-ல் வெளியார் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தன் பணத்தை மட்டும் நிர்வகிக்கப் போனார். பர்ரி நடுவில் நின்றார். 2013-ல் சயான் அசெட் மேனேஜ்மென்ட் என்று திரும்பி வந்தார், முன்னைவிடச் சின்னதாக. வீடியோ கேம் கடை நடத்தும் கேம்ஸ்டாப் கம்பெனியின் பங்கை யாரும் சீண்டாத 2019-ல் வாங்கினார். 2021 ஜனவரியில் அது விண்ணுக்குப் பறப்பதற்குச் சில வாரம் முன்னால், 2020 கடைசிக்குள் விற்றுவிட்டார். 2023 ஜனவரி முடிவில் ட்விட்டரில் ‘விற்றுவிடுங்கள்’ என்று ஒரே சொல் எழுதினார்; சந்தை ஏறியது; இரண்டு மாதத்தில், அப்படிச் சொன்னது தவறு என்று அவரே எழுதினார். 2007-ன் ஆள் என்பதற்காக அவர் சொல்வதையெல்லாம் பின்பற்றியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கடனில் அவரிடம் இருந்த கடிகாரம் மற்றவற்றில் இல்லை.

2025 நவம்பரில் அந்த இரண்டாவது நிதியின் பதிவையும் முடித்துக்கொண்டார். அதற்குச் சற்று முன்புதான் பலன்டியர் என்ற மென்பொருள் கம்பெனியின் பங்குக்கு எதிராக அவர் 91.2 கோடி டாலர் பந்தயம் கட்டியிருக்கிறார் என்று செய்திகள் வந்தன. அரசுப் படிவத்தில் ஆப்ஷன் எந்தப் பங்குகளுக்கானதோ அவற்றின் முழு மதிப்பை எழுதும் முறையால் வந்த எண் அது. பர்ரி திருத்தினார்: 50,000 புட் ஆப்ஷன்கள், ஒவ்வொன்றும் 100 பங்குக்கு, பங்குக்கு 1.84 டாலர் வீதம். 92 லட்சம் டாலர். 50 டாலருக்கு 2027-ல் விற்கும் உரிமை. மொத்தப் பணமும் முதல் நாளே கட்டியாயிற்று. தினமும் கூப்பிட்டுப் பிணை கேட்க எந்த வங்கியும் இல்லை, கடிதம் எழுதிச் சமாதானம் சொல்ல வெளி முதலீட்டாளரும் இனி இல்லை.